சேலத்திலிருந்து எத்தனை மணி நேரம்?

ஓமலூரை அடுத்த கமலாபுரத்தில் இருக்கிறது சேலம் விமான நிலையம். அங்கிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு நேர்க்கோட்டுத் தூரம் 266 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 விமானம் நடுவானில் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் செல்லக்கூடியது. வகுத்தால் 32 நிமிடம் வருகிறது. பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் ஒரு மணிக்கும் மேல். சேலம் அம்மாபேட்டையில் வீட்டைப் பூட்டிக் கிளம்பியவர் சென்னை தியாகராய நகரில் உறவினர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தும்போது நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

மூன்றும் உண்மையான விடைகள். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கணினியில் தேடுகிறவருக்கு முதல் விடை உடனே கிடைக்கிறது, இரண்டாவது சற்றுத் தேடினால் கிடைக்கிறது, மூன்றாவது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்கிறவர்களுக்குத் தேவைப்படுவது அந்த மூன்றாவது விடைதான். முதல் விடைக்கும் அதற்கும் நடுவே நேரம் எங்கெங்கே செலவாகிறது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் அந்த 266. சேலம் விமான நிலையம் ஏறத்தாழ 11.78 பாகை வட அட்சரேகையிலும் 78.07 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. மீனம்பாக்கம் 12.99, 80.18. வடக்கு நோக்கிய வித்தியாசம் 1.21 பாகை. நம் பகுதியில் அட்சரேகை ஒரு பாகைக்கு 110.6 கிலோமீட்டர் என்பதால் அது 134 கிலோமீட்டர். கிழக்கு நோக்கிய வித்தியாசம் 2.115 பாகை. தீர்க்கரேகைக் கோடுகள் துருவத்தை நோக்கிக் குவிவதால் இங்கே ஒரு பாகை 108.7 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆக 230 கிலோமீட்டர். இனிப் பள்ளிக்கூடத்துச் செங்கோண முக்கோணமே போதும். 134-இன் வர்க்கத்தையும் 230-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 266. குறுந்தொலைவுக்கு இந்தக் கணக்கு பிசகாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் போனால் பூமியின் வளைவு குறுக்கிடும். அதற்குக் கோள முக்கோணவியல் வேண்டும்.

ஒரு பாகைக்கு 110.6 கிலோமீட்டர் என்று இன்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறோம். அந்த எண்ணைக் கண்டறிய மனிதர்கள் பட்ட பாட்டின் முக்கியமான ஒரு பகுதி நம் மண்ணிலேயே நடந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில், நூறடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு, ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதை முடிக்க 57 நாள் ஆனது. அந்தக் கோட்டின் மேல் ஒரு முக்கோணம், அதன் பக்கத்தின் மேல் இன்னொன்று என்று கோத்துக்கொண்டே போய், பெங்களூரு வட்டாரத்திலிருந்து தெற்கே குமரி முனை வரை ஒரு நெடுங்கோட்டை அளந்தார். இந்தியாவின் பெரும் முக்கோணவியல் நில அளவை இப்படித்தான் பிறந்தது. கோணம் பார்க்க அவரிடமிருந்த தியோடலைட் அரை டன் எடையுள்ளது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமடைந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு தன் கையாலேயே அதைச் சீர்செய்தார்.

லாம்டனும் அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்டும் அளந்த அந்த நெடுங்கோடு 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி இமயமலை அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீள்கிறது. நம் வட்டாரத்தில் அந்தத் தீர்க்கரேகை ஓமலூருக்கும் தாரமங்கலத்துக்கும் நடுவிலும், கீழே ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவிலும் செல்கிறது. கமலாபுரம் ஓடுதளத்துக்கு மேற்கே ஏழு கிலோமீட்டரில் அது இருக்கிறது. பூமி சரியான உருண்டையா, எவ்வளவு தட்டை என்ற கேள்விக்கு விடை தந்த அளவைகளில் இது முதன்மையானது. 1830-இல் எவரெஸ்ட் கணித்த பூமியின் வடிவம்தான் நீண்ட காலம் இந்திய வரைபடங்களுக்கு அடிப்படையாக இருந்தது. செயற்கைக்கோள்களால் துல்லியப்பட்ட புதிய வடிவத்தை 1998 ஜனவரி 1 முதல் உலகம் முழுவதும் விமானப் போக்குவரத்துக்குப் பொது அளவாக ஆக்கினார்கள். சேலத்தில் புறப்படும் விமானம் இறங்குகிற மீனம்பாக்கம், லாம்டன் முதல் சங்கிலியை விரித்த அதே பரங்கிமலையின் அடியில் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் புவியியல் நடத்தும் ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

சேலம்–ஐதராபாத் தடத்தை எடுத்துக்கொண்டால் லாம்டன் கோட்டின் நெருக்கம் இன்னும் தெளிவாகும். இரண்டு நிலையங்களுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் அரைப் பாகைகூட இல்லை. விமானம் கிட்டத்தட்ட நேர் வடக்கே, லாம்டனின் கோட்டுக்குப் பக்கத்திலேயே பறக்கிறது. அட்சரேகை வித்தியாசம் 5.45 பாகை, தூரம் 604 கிலோமீட்டர்.

நெடுந்தொலைவில் வரைபடம் நம்மை ஏமாற்றும். பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு எந்தத் திசையில் போக வேண்டும் என்று கேட்டால், சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்த்துக் கிழக்கே பசிபிக் வழியாக என்பார்கள், அல்லது மேற்கே ஐரோப்பா வழியாக என்பார்கள். உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கிலிருந்து இருபது பாகை மட்டுமே கிழக்காகச் சாய்ந்து, சீனத்தையும் சைபீரியாவையும் கடந்து, 71 பாகை வட அட்சரேகையைத் தொட்டுவிட்டுத்தான் அமெரிக்கக் கரைக்கு இறங்குகிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே! இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். அதன் நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்த இரு நகரங்களையும் நேரடியாக இணைத்தது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த முதல் விமானத்தை கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டி வந்தனர். அவர்கள் வந்த வழி பெருவட்டக் கோட்டுக்கும் வடக்கே, துருவத்தை ஒட்டி அமைந்தது.

மிகக் குறுகிய கோடு இருக்கும்போது அதை விட்டு விலகுவானேன்? ஆகாயத்தில் மிகக் குறுகிய தூரமும் மிகக் குறுகிய நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று ஆறு போல ஓடுகிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் காற்றோட்டம் எல்லோரும் அறிந்தது. தென்னிந்தியாவுக்கென்று தனியாக ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தீபகற்பத்தின் மேல் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசுகிறது. இந்த வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்றை 1950-களில் விரிவாக ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். ஆடி மாதத்தில் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குக் கிழக்கே போகிற விமானத்துக்கு உயரத்தில் எதிர்க்காற்று, திரும்பி வருகிற விமானத்துக்குப் பின்காற்று. தரையில் நமக்கு மேல்காற்று அடித்துக்கொண்டிருக்கும் அதே நாளில் தலைக்கு மேலே காற்று நேர் எதிராக ஓடுகிறது.

நேரத்தைக் கூட்டுவது காற்றுடன் நிற்பதில்லை. 2019 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் தெற்கே சுற்றிச் சென்றன. ஜூலை நடுப்பகுதி வரை அந்த நிலை நீடித்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு அந்த வழி மறுபடி அடைபட்டது. இரண்டு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. நேரம் கூடிவிட்டது.

இனிச் சேலம்–சென்னைத் தடத்தின் 32 நிமிடம் எப்படி ஒரு மணியைத் தாண்டுகிறது என்று பார்ப்போம். விமான நிறுவனங்கள் அட்டவணையில் காட்டுவது பறக்கும் நேரத்தை அல்ல. சக்கரத்துக்கு முட்டுக்கட்டையை எடுத்த கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் கணம் வரையிலான நேரம் அது. அதற்குள் ஓடுதளம் வரை தரையில் ஊர்ந்து செல்வது அடங்கும். ஓடுதளம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் ஏறிப் பிறகு திரும்ப வேண்டும். கமலாபுரத்துக்குக் கிழக்கே 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது சேர்வராயன் மலை. சென்னை இருப்பதும் அந்தப் பக்கமே. ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. சென்னை வான்வெளியில் வரிசையில் காத்திருக்க நேரலாம். தாமதத்துக்கென்று நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ளும் சில நிமிடங்களும் உண்டு.

இந்தக் கூடுதல் நேரம் 266 கிலோமீட்டர் போனாலும் 14,000 கிலோமீட்டர் போனாலும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் குறுகிய தடத்தில் அதன் சுமை மிக அதிகம். அட்டவணை நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிட்டால், சேலம்–சென்னை மணிக்கு 250 கிலோமீட்டரைத் தொடுவதே அரிது. திருச்சி–சிங்கப்பூர் 2,980 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்தை ஒட்டிய பயணம். சராசரி 700-ஐத் தாண்டும். பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ 800-ஐ ஒட்டி வரும். ஏடிஆர் விமானம் ஜெட்டைவிட மெதுவானது என்பது இதில் ஒரு பகுதிதான். ஜெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இந்தத் தடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் மிச்சமாகாது.

சிங்கப்பூர் பயணத்தில் இன்னொரு சிக்கல், கடிகாரம். இரவு 10 மணிக்குத் திருச்சியில் ஏறினால் சிங்கப்பூரில் விடிகாலை நாலரைக்கு இறங்கியதாகச் சீட்டில் இருக்கும். பார்க்கிறவருக்கு ஆறரை மணி நேரப் பயணம் போலத் தோன்றும். வரும்போது ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது போலிருக்கும். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பதே காரணம். சூரியனைக் கேட்டால் அது வேறு கணக்கு சொல்லும். தீர்க்கரேகை வித்தியாசம் 25.28 பாகை, பாகைக்கு நான்கு நிமிடம், ஆக 101 நிமிடம் மட்டுமே. 1982 ஜனவரி 1 அன்று மலேசியத் தீபகற்பத்தோடு சேர்ந்து சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது; மீதி வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த முடிவிலிருந்து வந்தது.

நம் தாத்தாக்கள் காலத்தில் இதே பயணம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வழியாக ஏறத்தாழ ஒரு வாரம். ரஜூலா, எம்.வி. சிதம்பரம் ஆகிய கப்பல்களை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 1985-இல் சிதம்பரம் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் கப்பல் தடம் முடிவுக்கு வந்தது. ஒரு வாரத்தை நான்கு மணி நேரமாக்கியது பெரும் சாதனை. ஆனால் நாமக்கல்லிலிருந்து போகிறவர் திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் சாலையில் செலவிட்டு, பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நின்று, சாங்கியில் இறங்கி ஒரு மணி நேரத்தில் வெளியே வருகிறார். பத்து மணி நேரப் பயணத்தில் ஆறு மணி தரையில் கழிகிறது.

நாமக்கல் திருச்சிக்குப் போவது ஏன் என்பதற்கும் தூரமே விடை. நாமக்கல்லிலிருந்து சேலத்தைக் கடந்து கமலாபுரம் போக 70 முதல் 75 கிலோமீட்டர். மறுபக்கம் தொட்டியம், முசிறி வழியாகக் காவிரிக் கரையோடு போனால் திருச்சி விமான நிலையம் 90 கிலோமீட்டர் அளவு. இருபது கிலோமீட்டர் கூடுதலுக்கு வெளிநாட்டு விமானங்களும் பெரிய ஓடுதளமும் கிடைக்கின்றன; 2024-இல் திறந்த புதிய முனையமும் இருக்கிறது. கோயம்புத்தூர் பீளமேடு சேலத்திலிருந்து 160 கிலோமீட்டர். பெங்களூரு நகரம் 200 கிலோமீட்டர், விமான நிலையமோ நகரத்துக்கு வடக்கே மேலும் 35 கிலோமீட்டர் தள்ளித் தேவனஹள்ளியில். கமலாபுரத்திலிருந்து அந்த நிலையம் நேர்க்கோட்டில் 161 கிலோமீட்டர் மட்டுமே. தொப்பூர்க் கணவாய் ஏறி, ஓசூரைக் கடந்து, பெங்களூரு நகர நெரிசலுக்குள் புகுந்து வெளியேறும்போது அந்த 161-க்கு அர்த்தம் இல்லாமல் போய்விடுகிறது.

தொலைவைக் கணக்கிடுவதில் இந்த ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி குறைவில்லை. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள், அங்கிருந்து லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. முட்டை இரவோடு இரவாகக் கேரளம் போகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரை போய் மாதக்கணக்கில் தங்குகின்றன. லாரி உரிமையாளர் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. எத்தனை நாள் ஓட்டம், எவ்வளவு டீசல், எத்தனை சோதனைச் சாவடி என்று சொல்கிறார். வீட்டு வாசலிலிருந்து வேலை நடக்கும் இடம் வரை முழுதாகக் கூட்டுகிற முறை அது. விமானப் பயணத்துக்கும் அதே முறையில் கணக்குப் போட வேண்டும்.

போட்டுப் பார்க்கலாம். அம்மாபேட்டையிலிருந்து கமலாபுரம் 40 நிமிடம். ஒரு மணி நேரம் முன்னதாகவே கவுன்ட்டரை மூடிவிடுவதால் 75 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். பயணம் 70 நிமிடம். பெட்டி எடுத்து வெளியே வர 25, அங்கிருந்து தியாகராய நகருக்கு 40. மொத்தம் 250 நிமிடம். இனி ரயில். 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை–சென்னை வந்தே பாரத், சேலத்திலிருந்து சென்னை வரையிலான 334 கிலோமீட்டர் இருப்புப்பாதையை நான்கு மணிக்குச் சற்றுக் குறைவாகக் கடக்கிறது. வீட்டிலிருந்து சூரமங்கலம் சந்திப்புக்கு 30 நிமிடம், நடைமேடையில் 20, சென்ட்ரலிலிருந்து தியாகராய நகருக்கு 40. மொத்தம் 320 நிமிடம். விமானம் மிச்சப்படுத்துவது ஒரு மணி பத்து நிமிடம். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் வேலை என்றால் அதிலும் பெரும்பகுதி போய்விடும்.

ஏற்காடு எக்ஸ்பிரஸை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? இரவில் ஏறிப் படுத்து விடியலில் சென்னையில் எழுந்திருக்கிறவர், விழித்திருக்கும் நேரத்தில் எதையும் இழக்கவில்லை. அன்று பகல் முழுவதும் அவர் கையில் இருக்கிறது. வேலையை முடித்து மறுபடி இரவு வண்டி ஏறினால் விடுதிச் செலவும் இல்லை. சேலத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வண்டியை விடாமல் இருப்பதற்குப் பழக்கத்தைக் காட்டிலும் கணக்கே காரணம் என்று நினைக்கிறேன்.

போக்குவரத்துப் பொருளியலார் இன்னொரு நேரத்தையும் சேர்ப்பார்கள். நமக்குப் போக வேண்டிய வேளைக்கும் வண்டி இருக்கிற வேளைக்கும் உள்ள இடைவெளி அது. விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் நடுவே ஒரே ஒரு விமானம் என்றால், பயணிகளின் தேவை நாள் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த இடைவெளி சராசரியாக 4 மணி நேரம். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகச் சீராகப் பங்கிட்டால் 2 மணி நேரம். ஒரே ஒரு கூடுதல் சேவை இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. எவ்வளவு வேகமான விமானம் வந்தாலும் 266 கிலோமீட்டரில் இவ்வளவு மிச்சப்படுத்த முடியாது, ஏனென்றால் பறப்பதே அவ்வளவு நேரம் இல்லை.

சேலம் விமான நிலையத்தின் வரலாறு முழுவதும் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கிறது. நிலையம் 1993-இல் திறந்தது, சேவை நிலைக்கவில்லை. 2009-இல் கிங்ஃபிஷர் சென்னைக்குப் பறக்கத் தொடங்கி 2011-இல் நின்றது. சிற்றூர்களையும் விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் வந்தது. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூரு–சேலம்–கொச்சித் தடத்திலும், இண்டிகோ சென்னை, ஐதராபாத் தடங்களிலும் வந்தன. பல ஆண்டுகள் ஓடுதளம் மட்டும் வெயிலில் கிடந்தது. தூரம் அப்போதும் 266 கிலோமீட்டர்தான். உடான் திட்டம் கட்டண உச்சவரம்பைத் தூரத்தைக் கொண்டு நிர்ணயித்தது. ஒரு மணி நேரம் அல்லது 500 கிலோமீட்டர் அளவிலான பயணத்துக்கு, குறிப்பிட்ட இருக்கைகளுக்கு 2,500 ரூபாய் என்பது அதன் புகழ்பெற்ற வாக்குறுதி. கட்டணத்தைத் தூரத்தோடு கட்டியது நியாயமானதே. சேவை ஆண்டுக்கணக்கில் தொடருமா, எந்த வேளையில் பறக்கும் என்பதை அந்த அளவுக்கு உறுதியாகக் கட்டவில்லை. வியாபாரியோ நோயாளியோ நம்பித் திட்டமிட வேண்டியது அதைத்தான்.

நேரத்தைக் குறைக்கிறோம் என்ற வாக்குறுதியின் பெயரால் இந்தச் சமவெளி பெரும் கொந்தளிப்பையும் கண்டிருக்கிறது. 2018-இல் அறிவிக்கப்பட்ட சென்னை–சேலம் எட்டு வழிச் சாலையின் நீளம் 277 கிலோமீட்டர். இன்றைய சாலை 340 கிலோமீட்டர் அளவு. விமானத்தின் நேர்க்கோடு 266. ஆகாயக் கோட்டையே கிட்டத்தட்ட அப்படியே தரையில் வரைந்தார்கள். அந்தக் கோடு காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் வயல்களையும் கிணறுகளையும் தோப்புகளையும் காடுகளையும் அறுத்துச் சென்றது. பயண நேரம் பாதியாகும் என்றது அரசு. நிலத்தில் நட்ட அளவுக் கற்களைப் பிடுங்கி எறிந்தார்கள் விவசாயிகள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தலை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், புதிய அறிவிக்கை வெளியிட்டுத் தொடரலாம் என்றது.

அதே காலத்தில் விமான நிலைய விரிவாக்கத்துக்காக 500 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் முயற்சிக்கு எதிராகக் கமலாபுரம், சிக்கனம்பட்டி, பொட்டியபுரம், தும்பிப்பாடி கிராமங்களில் போராட்டம் எழுந்தது. இதன் நியாயத்தைப் பேசுவதற்கு முன் ஓடுதளத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்றைய ஓடுதளம் 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஏடிஆருக்கு அது போதும். ஏர்பஸ் 320, போயிங் 737 வகை ஜெட்டுகளுக்குப் பொதுவாக 45 மீட்டர் அகலமும் இன்னும் கூடுதல் நீளமும் வேண்டும். ஆகவே, கமலாபுரத்திலிருந்து எந்த ஊருக்குப் பறக்கலாம் என்பதை இந்த இரண்டு எண்களே வரையறுக்கின்றன. மும்பை 980 கிலோமீட்டர். ஏடிஆரில் போகலாம், இரண்டரை மணி நேரம் பிடிக்கும். டெல்லி 1,860 கிலோமீட்டர். நிறைந்த பயணிகளோடு ஏடிஆர் ஒரே மூச்சில் பறக்கும் எல்லைக்கு அது வெளியே இருக்கிறது. விரிவாக்கினால் டெல்லிக்கு இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஜெட் போகும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரடிச் சேவை பற்றிப் பேசவாவது முடியும்.

விரிவாக்கத்தால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பெரிய மாவட்டங்கள், கொலுசுப் பட்டறைகள், ஜவ்வரிசி ஆலைகள், இளம்பிள்ளைத் தறிகள், கோழிப்பண்ணைகள், லாரித் தொழில் எல்லாம் உலகத்தோடு வேகமாகத் தொடர்பு கொள்ள வேண்டும் என்பது நியாயமான விருப்பம். ஆனால் அந்த விருப்பத்துக்கு விலை கொடுப்பவர் கமலாபுரத்து விவசாயி. அவரிடம் நிலம் கேட்பதற்கு முன், இருக்கிற ஓடுதளத்தில் செய்யக்கூடியதைச் செய்து காட்டிவிட்டோமா? காலையில் போய் மாலையில் திரும்பும்படி இரு வேளையும் சேவை, அதுவும் நிறுவனம் மாறினாலும் நின்றுபோகாத சேவை. விமான நேரத்தை ஒட்டிச் சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பேருந்து நிலையங்களிலிருந்து நேரடிப் பேருந்து. இவற்றுக்கு ஒரு சென்ட் நிலம்கூட வேண்டாம். மேலே போட்ட கணக்கின்படி, வீட்டு வாசலிலிருந்து எண்ணினால், சென்னைப் பயணிக்கு இவை தரும் நேர மிச்சம் ஜெட் தருவதைவிடப் பல மடங்கு அதிகம். டெல்லிக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களின் கணக்கு வேறு. அவர்கள் ஆண்டுக்கு எத்தனை பேர், இன்று எந்த நிலையத்திலிருந்து பறக்கிறார்கள், வழியில் எத்தனை மணி நேரம் செலவிடுகிறார்கள் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து, அதை வெளியிட்ட பிறகே நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

மாநில அரசும் விமான நிலைய ஆணையமும் அந்தக் கணக்கெடுப்பை நாமக்கல்லிலிருந்தே தொடங்கட்டும். கமலாபுரத்தைக் கடந்து பெங்களூருக்கும், எதிர்த்திசையில் திருச்சிக்கும் போகிற ஒவ்வொரு பயணியிடமும் அதற்கான விடை இருக்கிறது.